வால்வு சுற்றும் ஒருங்காத கணக்கும்

 பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் கால வால்வு ஆம்ப்ளிஃபயரை இன்று உயிர்ப்பிக்க நினைப்பவர், 300 வோல்ட்டில் கை வைக்கும் முன் சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிடலாம். அதற்கு மும்பை ஐஐடி உருவாக்கிய இசிம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதனுள் கணக்குப் போடும் என்ஜிஸ்பைஸ், 1970-களில் பெர்க்லியில் பிறந்த ஸ்பைஸ் என்ற சுற்றுக் கணிப்பு மென்பொருளின் வாரிசு.

ஓட்டியதும் பலருக்குக் கிடைப்பது அலைவடிவம் அல்ல. கணக்கு ஒருங்கவில்லை என்ற அறிவிப்பு.

ஸ்பைஸ் ஒவ்வொரு முனையின் வோல்ட்டேஜையும் ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகிக்கும். அடுத்தடுத்த ஊகங்களின் வேறுபாடு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் சுருங்கினால் அதுவே விடை. சுருங்காமல் அலைந்தால் கைவிட்டுவிடும்.

வால்வின் பழைய சூத்திரத்தில் மின்னோட்டம், வோல்ட்டேஜின் ஒன்றரை அடுக்குக்கு நேர்விகிதம். வால்வின் கட்டுப்பாட்டு முனையான கிரிட் மிகவும் எதிர்மறையாகும்போது, அடுக்கேற்றப்படும் எண்ணும் எதிர்மறையாகிவிடும். அதற்கு ஒன்றரை அடுக்கு மெய்யெண்களில் இல்லை. நார்மன் கோரன் 1996-இல் வெளியிட்ட சூத்திரம் மடக்கையையும் அடுக்குக்குறியையும் சேர்த்து அந்த இடத்தை வழவழப்பாக்கியது. அதிலும் ஒரு பள்ளம் உண்டு. 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு, ஊகத்தின் நடுவே கிரிட் 50 வோல்ட், பிளேட் சுழியம் என்று வந்தால் அடுக்கு 1,700-ஐத் தாண்டும். கணினியின் வழக்கமான எண்முறை 709 வரைதான் தாங்கும். அதனால் அடுக்குக்கு வரம்பு கட்டிய மாதிரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஆனால் பெரும்பாலான கோளாறு, வரைந்த சுற்றிலேயே இருக்கிறது. கிரிட்டுக்குக் கப்பாசிட்டர் மட்டும் வரைந்து, தரைக்கு இறங்கும் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரை விட்டுவிட்டால் கிரிட்டின் நேர்திசை (டிசி) வோல்ட்டேஜைத் தீர்மானிக்க எதுவுமில்லை. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் பக்கச் சுருள் எங்கும் தரையைத் தொடாவிட்டாலும் இதே கதி. சுருளுக்குச் சில ஓம் தடையைச் சேர்ப்பதும், இணைப்புக் குணகத்தை 1 என்று வைக்காமல் 0.999 என்று வைப்பதும் உதவும். உண்மையான செப்புக்கம்பிக்கும் இரும்புக்கும் அந்தக் குறைகள் உண்டுதானே!

இவற்றுக்குப் பிறகும் அடம்பிடித்தால், மின்வழங்கியைச் சுழியத்திலிருந்து படிப்படியாக ஏற்றும் முறையைப் போடுங்கள். பிளேட்டுக்கு உத்தேச வோல்ட்டேஜ் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

துல்லிய வரம்பைத் தளர்த்தினால் அறிவிப்பு மறையும், தவறு மறையாது. அதில் கடைசியாகக் கை வையுங்கள்; முதலில் ஒவ்வொரு முனைக்கும் தரைக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.