அஸ்ஸி ஆலயத்துச் சிற்பங்கள்

பிரான்சு தேசத்தின் தென்கிழக்கெல்லையில், மொன் பிளான் என்னும் பனிமலையை எதிர்நோக்கி, ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் அமைந்தது அஸ்ஸி என்னும் மேட்டுநிலம். தூய காற்றும் வெயிலுமே சயரோகத்துக்கு மருந்தெனக் கருதப்பட்ட காலத்தில் அங்கே ஆரோக்கிய நிலையங்கள் பல எழுந்தன. (மேரி கியூரி அம்மையார் 1934ஆம் ஆண்டில் உயிர்நீத்ததும் இப்பகுதி நிலையமொன்றிலேயாம், அவரைக் கவர்ந்த நோய் சயரோகமன்று என்பது வேறு.) ஊரைப் பிரிந்து மாதக்கணக்கிற் படுத்திருந்த நோயாளிகளுக்கென ஓர் ஆலயம் வேண்டுமென முயன்றவர் தெவெமி என்னும் குருவானவர். மொரிஸ் நொவரினா என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அவ்வாலயத்தின் வேலை 1938இல் தொடங்கியது. போர் இடையிட்டமையால் அபிடேகம் 1950ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது.

கலைவேலைகளுக்குத் தெவெமி துணைகொண்டவர் கூத்தூரியே என்னும் தொமினிக்கன் துறவி. அக்காலத் தேவாலயங்களை நிரப்பிய உருவங்கள் பெரும்பாலும் தொழிற்சாலை அச்சுக்களிற் பிறந்தவை. சாயம் பூசிய சாந்துப் பதுமைகள். பக்தி மிகுந்தும் திறமை குறைந்தும் உள்ள கைகளிலும், பக்தி இல்லையாயினும் மேதைமை உடைய கைகளே மேலானவை என்பது கூத்தூரியேயின் துணிபு. எனவே அவர் அக்காலத்துப் பெருங்கலைஞரை நேரே நாடினார். ரூவோ கத்தோலிக்கர், லெஜேயும் லூர்சாவும் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவர், ஷகாலும் லிப்ஷிட்ஸும் யூதர். இத்தகையோர் ஒரு கூரையின்கீழ்த் திரண்டமை அந்நாளில் வியப்பை மட்டுமன்றி வெறுப்பையும் விளைத்தது.

வெறுப்பு முழுவதும் ஒரு சிறு சிலுவையின்மீது வந்து விழுந்தது. அதனை இயற்றியவர் ஜெர்மேன் ரிஷியே (1902–1959) என்னும் பெண் சிற்பியார். அவர் பூர்தேல் என்னும் பேராசானிடம் பயின்றவர். மாதிரியாக நிற்பவரின் உடலிற் கோடுகள் வரைந்து, கவராயத்தால் அளந்து, அவ்வளவைக் களிமண்ணுக்கு மாற்றும் கடுமையான முறை அவ்வாசானுடையது. அளவை அறியாமையால் உருவம் சிதைந்ததெனக் கூறுவோர் இப்பயிற்சியை நோக்குவாராக. எலும்பும் நரம்பும் அளவோடறிந்த கை வேண்டுமென்றே அளவை மீறிற்று.

ரிஷியே வார்த்த கிறித்துவின் உருவம் வெண்கலத்தால் ஆயது. முகத்தின் கூறுகள் அதிற் காணப்படா. மேனி அரித்துப்போன மரப்பட்டை போலக் கரடுமுரடாயுள்ளது. கைகள் இருபுறமும் நீண்டு கிடக்கின்றன. வழக்கமான பாடுபட்ட சுரூபத்தில் மரம் வேறு, அதன்மீது அறையப்பட்ட உடல் வேறு. இங்கோ உடலே சிலுவையாகிவிடுகின்றது. துன்பப்படுவோனையும் துன்பத்தையும் பிரித்தறிய இயலவில்லை. இதற்கு வேதாகமத்திலேயே ஆதாரம் உண்டு. ஏசாயா தீர்க்கதரிசி நூலின் 53ஆம் அதிகாரம், அழகு சிறிதுமற்றவராய், காண்போர் முகந்திருப்பிக்கொள்ளும் நிலையினராய் ஓர் ஊழியரைக் கூறுகின்றது. கிறித்தவர் அவரைக் கிறித்துவாகவே கொள்வர். ஆயின் படித்துக் கேட்டபோது கண்ணீர் வருவித்த செய்தி, கண்முன் வெண்கலமாய் நின்றபோது சினத்தை வருவித்தது.

1951ஆம் ஆண்டு சனவரியில் அன்ஜே நகரில் இவ்வாலயத்தைப் பற்றிய கூட்டமொன்றிற் கலகம் மூண்டது. கண்டனத் துண்டுப் பிரசுரமும் பரவிற்று. அவ்வாண்டிலேயே அன்னெசி மேற்றிராணியாரின் கட்டளையால் அச்சுரூபம் பீடத்தினின்று அகற்றப்பட்டது. வழக்கத்துக்கு மாறான திருவுருவங்களை ஆலயங்களில் வைத்தலாகாதென்ற பழைய விதியை உரோமாபுரித் தலைமைப் பீடம் 1952இல் மீண்டும் வற்புறுத்தியது.

எதிர்த்தோர் அனைவரும் கலையறியாதவர் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. காட்சிச்சாலையில் உள்ள சிற்பத்தைப் பிடிக்காதவர் கடந்து போகலாம். பீடத்திலுள்ள உருவத்தின்முன் அவர் முழந்தாளிட வேண்டும். ஆகமமும் தியான சுலோகமும் அளந்து தந்த வடிவினின்று தபதி வழுவலாகாதென்னும் மரபில் வந்த சைவர்க்கு இவ்வாதம் எளிதில் விளங்கும். எனினும், தசை வற்றி எலும்பு தோன்றும் காரைக்காலம்மையாரின் பேயுருவை அதே மரபு வணக்கத்துக்கு உரியதாக வைத்திருக்கின்றது. ஆதலின் எழில் ஒன்றே தெய்வத்துக்கு இலக்கணமென்று அவர் சொல்லவும் மாட்டார்.

அஸ்ஸியிற் கேட்கப்படவேண்டிய குரல் நோயாளிகளுடையது. அவர்களுட் பலர் அவ்வுருவில் தம் உடலையே கண்டனர் என்பது அக்கால விவாதங்களில் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்பட்டது. மருந்து கைவிட்ட நிலையில் நாளெண்ணிக் கிடப்பவர்க்குச் செந்நிறக் கன்னமுடைய சாந்துச் சுரூபம் என்ன சொல்லக்கூடும்? ரிஷியேயின் உருவம் அவர்க்கு அயலாயிருக்கவில்லை.

லிப்ஷிட்ஸின் (1891–1973) கதை வேறுவகையானது. லித்துவேனியாவிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த அவர், நாசிகளுக்குத் தப்பி 1941இல் அமெரிக்கா சென்றவர். ஞானஸ்நானத் தொட்டிக்கெனத் தேவமாதாவின் உருவமொன்று கூத்தூரியே வேண்டியபோது, தாம் யூதர் என்பதை முன்னரே நினைவூட்டிய பின்னரே அவர் இசைந்தார். 1952இல் நியூயோர்க்கில் அவருடைய வேலைத்தலம் எரிந்தது. பல ஆண்டு உழைப்பின் மாதிரி உருவமும் அழிந்தது. அவர் மீண்டும் தொடக்கத்தினின்றே தொடங்கினார். புறாவின் அலகினின்று ஒரு போர்வை விரிந்திறங்க, அதனூடே கைகளை அகல விரித்து நிற்கும் கன்னியாக அது முடிந்தது. வேலையை வேண்டிய கூத்தூரியே 1954இல் மறைந்துவிட்டமையால் அதனை ஆலயத்திற் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை.

சிற்பத்தின் பின்புறத்தில் லிப்ஷிட்ஸ் பிரெஞ்சு மொழியிற் சில வரிகள் பொறித்துள்ளார். தம் முன்னோரின் சமயத்தில் உறுதியாய் நிற்கும் யூதரே தாம் என்பதும், மண்ணுலக மாந்தர் ஒருவரையொருவர் உணர்தற்பொருட்டே இக்கன்னியைச் செய்தார் என்பதும் அவற்றின் கருத்து. பிறர் சமயத்துக்கு வேலைசெய்பவர் தம் சமயத்தை மறைப்பதும் மறப்பதும் உண்டு. இவர் அதனை வெண்கலத்திலேயே எழுதிவைத்தார். குருமாரும் அதனை அழிக்கவில்லை.

1963ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என அறிவித்தது. விசுவாசிகளின் உணர்வைப் புண்படுத்தும் படைப்புகளை விலக்குமாறும் அதே ஏடு பணிக்கின்றது. இரு கட்சியாரும் தத்தமக்கு வேண்டியதை அதிற் காணலாம். ரிஷியேயின் சிலுவை ஏறத்தாழ இருபதாண்டு கழித்தே தன் பீடத்தை அடைந்தது. அதனை இயற்றியவர் அதற்கு முன்னரே, 1959ஆம் ஆண்டில், காலமாகிவிட்டார்.