கால்வாய்க் கரையில் ஒரு மாலை

கலை வேறு, கேளிக்கை வேறு என்பது ஆசிரியத் தொழில் எனக்குத் தந்த பழைய எண்ணம். கோயில் திருவிழாக் காலங்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு வகுப்பறையில் உறங்கி விழுந்த மாணவரை நான் கடிந்ததுண்டு. விடுமுறைப் பயணமாக யப்பான் சென்றிருந்தபோது, ஒசாக்கா நகரிற் கழித்த ஒரு மாலைப்பொழுது அவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது.

அன்று பிற்பகல், 1984ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசிய புன்ராக்கு அரங்கிலே பாவைக்கூத்துக் கண்டேன். ஒரு பாவையை மூவர் இயக்குகின்றனர். தலையும் வலக்கையும் ஒருவர் பொறுப்பு. இடக்கை மற்றொருவர் பொறுப்பு. கால்கள் மூன்றாமவர் பொறுப்பு. கயிறு கிடையாது, இயக்குவோர் திரைக்குப் பின் ஒளிவதுமில்லை. நாணமில்லாதாரின் இயக்கத்தைக் கயிற்றால் ஆடும் மரப்பாவைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இப்பாவைகளைக் கண்டிருப்பின் அவர் வேறோர் உவமையைத் தேடியிருப்பார்! பெண்பாவை தலைதாழ்த்தி விம்மியபோது, பின்னே நின்ற மூவரும் என் கண்ணினின்றும் மறைந்தே போயினர்.

அந்த உருக்கம் நெஞ்சை விட்டகலாத நிலையில் வெளியே வந்து, சிறிது தூரம் நடந்து, டோட்டன்போரித் தெருவினுட் புகுந்தேன். பொழுது சாய்ந்திருந்தது, தெருவோ பட்டப்பகலாய் ஒளிர்ந்தது. உணவுச்சாலையொன்றின் முகப்பிலே பெருநண்டு ஒன்று கால்களை அசைத்துக்கொண்டிருந்தது. 1935இல் முதன்முதல் அமைக்கப்பட்டுப் பலமுறை புதுப்பிக்கப்பட்ட இனிப்புப்பண்ட விளம்பரத்தில், இரு கைகளையும் உயர்த்திய ஓட்டக்காரன் ஒளிவெள்ளத்தில் நின்றான். குழிகள் கொண்ட இரும்புத் தட்டுகளில் மாவை வார்த்து, எட்டுக்கைக் கணவாய்த் துண்டுகளையிட்டு, கூரிய கோலினாற் புரட்டி உருண்டைகளாகச் சுட்டுக்கொண்டிருந்தனர். உண்டே செல்வத்தை அழிப்பவர் ஒசாக்கா மக்கள் என்று யப்பானியரே நகையாடுவதுண்டு. எங்கும் கூவி அழைக்கும் குரல்கள், இடிபடும் தோள்கள். “கலைக்கோயிலை விட்டுச் சந்தைக்கு வந்துவிட்டோமே!” என்று முகஞ் சுளித்தேன்.

பாலத்தின்மேல் நின்று கால்வாயை நோக்கியபோது அவ்விடத்தின் வரலாறு நினைவுக்கு வந்தது. 1612இல் இக்கால்வாயைத் தோண்டத் தொடங்கியவர் டோட்டன் என்பவர். 1615இல் ஒசாக்காக் கோட்டைப் போரில் அவர் மாண்டார். உடனுழைத்தோர் அவ்வாண்டிலேயே பணியை முடித்தனர். மாண்டவர் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. பின்னர் அதன் கரையில் நாடகக் கொட்டகைகள் எழுந்தன. தக்கேமொத்தோ கிதாயு 1684இல் தமது பாவைக்கூத்து அரங்கை நிறுவியது இத்தெருவிலேதான். சிக்கமற்சு மொன்சயெமொன் எழுதிய சொனெசாக்கிக் காதலர் நாடகம் 1703இல் அரங்கேறியதும் இங்கேதான். சோயாச் சாறு விற்கும் கடையின் சிப்பந்தி ஒருவனும் கணிகை ஒருத்தியும் சேர்ந்து உயிர்நீத்த கதை அது. அச்சம்பவம் நடந்து ஏறக்குறைய ஒரு மாதமே ஆகியிருந்தது! நகரமக்கள் திரண்டு வந்தனர். கடனில் மூழ்கியிருந்த அரங்கம் தலைநிமிர்ந்தது. 1723இல் ஆட்சியாளர் இத்தகைய நாடகங்களைத் தடைசெய்தனர். 1955இலேயே அந்நாடகம் பாவைமேடைக்கு மீண்டது.

அப்படியாயின், பிற்பகலில் நான் கலையென்று கைகூப்பியது, இதே சந்தையின் இரைச்சலிற் பிறந்த கேளிக்கையல்லவா? என்போன்ற ஆசிரியர் எவரேனும் அன்றும் முகஞ் சுளித்தே சென்றிருப்பார்.

இத்தெருவில் வரிசையாக நின்ற ஐந்து பேரரங்குகள் இன்று இல்லை. பாவைக்கூத்துக்கு அரசின் அரங்கம் உண்டு. 2003இல் யுனெஸ்கோவின் சிறப்பும் கிடைத்தது. ஆயினும் அன்று அவையிலிருந்தோரிற் பலர் நரைத்த தலையினர். காக்கப்படுவதும் வாழ்வதும் ஒன்றல்ல என்று எனக்குப் பட்டது.

அருகிலுள்ள ஒடுங்கிய சந்தில் ஹோசென்சி என்னும் சிறு கோயில் இருக்கிறது. அங்குள்ள கற்சிலை கல்லென்றே தெரியாதவாறு பாசி போர்த்து நிற்கிறது. வருவோரெல்லாம் அதன்மேல் நீர் வார்க்கின்றனர். பாசியின் பசுமை வாடாதிருப்பது அதனாலேதான். உணவுச்சாலைப் பணிப்பெண் ஒருத்தி விரைந்து வந்து, ஓர் அகப்பை நீர் வார்த்து, கைகூப்பிவிட்டு மீண்டும் கூட்டத்திற் கலந்தாள்.

வகுப்பில் உறங்கிய அந்த மாணவனை நினைத்துக்கொண்டேன். கடிவதற்கு முன், “இரவு என்ன கூத்து, தம்பி?” என்று நான் கேட்டிருக்கலாம்.