ரைன் ஆற்றங்கரையில் கூரையற்ற சிற்றாலயம்

ஜெர்மனி நாட்டின் ரைன் ஆற்றில் படகேறிச் செல்வோர் மலையையும் நீரையும் மட்டும் காண்பதில்லை. திருச்சபையின் வரலாற்றுப் பக்கங்கள் பலவற்றையும் கரையோரமாகவே கண்டு செல்கின்றனர். அப்பக்கங்களில் நம் பெருமையும் எழுதப்பட்டுள்ளது. நம் பாவமும் எழுதப்பட்டுள்ளது. இரண்டையும் நம் பங்குக் குடும்பங்களுக்கு உரைப்பது கடமை எனக் கருதியே இக்கட்டுரையை எழுதலானோம்.

ஆல்ப்ஸ் மலைகளில் பிறந்து, சுமார் 1,230 கிலோமீட்டர் ஓடி, வடகடலில் கலக்கிறது ரைன். அதன் கரையிலுள்ள கொலோன் மாநகரில் நம் பயணம் தொடங்கியது. அங்குள்ள பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 157 மீட்டர் உயர்ந்து நிற்கின்றன. கீழ்த்திசை ஞானியர் மூவருடையவை எனப் போற்றப்படும் திருப்பண்டங்கள் 1164-ஆம் ஆண்டில் மிலான் நகரிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டன. திருப்பயணிகள் திரண்டு வரவே, 1248-இல் இப்பேராலயத்திற்கு அடிக்கல் நாட்டினர். பதினாறாம் நூற்றாண்டில் பணி நின்றுபோயிற்று. முற்றுப்பெறாத கோபுரத்தின் மீது பாரம் தூக்கும் மரப்பொறி ஒன்று மட்டும் தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டிருந்தது. 1842-இல் மீண்டும் தொடங்கிய பணி 1880-இல் நிறைவெய்தியது. ஆக, 632 ஆண்டுகள்! முதற்கல்லைச் செதுக்கியவனுக்குக் கோபுரத்தைக் காணும் பேறு இல்லை. ஆயினும் அவன் தன் கல்லைக் குறையின்றிச் செதுக்கினான்.

கொலோனிலிருந்து இரயிலில் கோப்ளென்ஸ் சென்று, அங்குப் படகேறினோம். மோசல் ஆறு ரைனுடன் கூடும் இடம் அது. கூடுதுறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே ஊரின் பெயராக மருவியது. அங்கிருந்து பிங்கன் வரையுள்ள ஏறத்தாழ 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ நிறுவனம் 2002-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இருபுறமும் செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். அவற்றிற்கு மேலே கோட்டைகள். இவற்றுள் பல, ஆற்றில் சென்ற வணிகப் படகுகளிடம் சுங்கம் வாங்கவே எழுந்தவை. கவுப் என்னும் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவிலேயே கப்பல் போன்ற வடிவில் ஒரு சுங்கக் கோட்டை நிற்கிறது.

லோரலை என்னும் 132 மீட்டர் உயரப் பாறையை நெருங்கியதும் பயணிகள் அனைவரும் மேல்தளத்திற்கு விரைந்தனர். பாறையின்மீது அமர்ந்து பாடும் மங்கையொருத்தி படகோட்டிகளை மயக்கி மூழ்கடித்தாள் என்பது கதை. ஆறு குறுகி வளைவதும், நீருக்கடியில் பாறைகள் மறைந்திருப்பதுமே படகுகள் உடைந்ததற்கு உண்மைக் காரணம். ஆயினும் உண்மையைவிடக் கதைதான் மக்கள் நாவில் நிலைத்தது. இதை நாமும் சிரித்துக்கொண்டே கேட்டோம். அடுத்து இறங்கிய ஊரில் அச்சிரிப்பு மறைந்தது.

பாக்கராக் சிறிய ஊர். மரச்சட்டங்களிடையே சுவர் எழுப்பிய பழைய வீடுகள் ஓவியம்போல் காட்சி தருகின்றன. ஊர் நடுவிலுள்ள ஆலயத்தை ஒட்டிப் படிக்கட்டுகள் மேலேறுகின்றன. அப்படிகளில் ஏறினால், செந்நிறக் கல்லாலான ஒரு சிற்றாலயம். கூரை இல்லை, சாளரங்களில் கண்ணாடி இல்லை, வானமே விதானம். வெர்னர் சிற்றாலயம் என்பது அதன் பெயர்.

1287-ஆம் ஆண்டில் அவ்வூருக்கு அருகே வெர்னர் என்னும் ஏழைச் சிறுவன் பிணமாகக் கிடந்தான். கொன்றவர் யாரெனத் தெரியவில்லை. யூதர்களே இரத்தத்திற்காகக் கொன்றனர் என்று எவரோ சொன்னார். ஒருவர் சொன்னதை ஊர் சொல்லிற்று. ஊர் சொன்னதை ஆற்றங்கரை முழுவதும் சொல்லிற்று. ரைன், மோசல் கரைகளிலுள்ள பல ஊர்களில் யூதக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. கொன்றவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்கள். நம்மைப் போல் திருப்பலி கண்டவர்கள்.

அறியாமல் செய்தனர் என்று சொல்வதற்கும் இடமில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1247-இல், திருத்தந்தை நான்காம் இன்னோசென்ட் ஜெர்மனி நாட்டு ஆயர்களுக்கு எழுதிய மடலில் இத்தகைய குற்றச்சாட்டு பொய்யென்று கண்டித்திருந்தார். அரசர் முதலாம் ருடோல்பும் இப்பழியை ஏற்கவில்லை. எனினும் மக்கள் வெர்னரை வேதசாட்சியென்று கொண்டாடினர். அவன் பெயரால் இச்சிற்றாலயத்தைக் கட்டினர். 1689-இல் மேலேயிருந்த கோட்டையைப் பிரெஞ்சுப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தபோது, இடிபாடுகள் விழுந்து இது சிதைந்தது. திரியர் மறைமாவட்டம் வெர்னரின் திருநாளைத் தன் நாட்காட்டியிலிருந்து நீக்கியது 1963-ஆம் ஆண்டில்தான். பரவுவதற்குச் சில நாட்களே வேண்டியிருந்த பொய்யை அகற்ற 676 ஆண்டுகள் வேண்டியிருந்தன! இரண்டே ஆண்டுகள் கழித்து, 1965-இல், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் யூதருக்கு எதிரான எல்லாப் பகைமையையும் வெளிப்படையாகக் கண்டித்தது.

இன்று அச்சிற்றாலயத்தில் யூத மக்களுக்கு இழைத்த தீங்கிற்காக மனம் வருந்தும் மன்றாட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. அதன்முன் நின்று நாமும் செபித்தோம். கீழே படகுத்துறையில் மக்கள் நிழற்படம் எடுத்துக்கொண்டிருந்தனர்.

மீண்டும் படகேறிப் பிங்கன் சேர்ந்தோம். புனித ஹில்டகார்ட் மடம் நிறுவி வாழ்ந்த ஊர் அது. இசையும் மருத்துவமும் இறையியலும் அறிந்த அத்துறவி 1179-இல் மறைந்தார். திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தது 2012-இல். உண்மையின் நடை மெதுவானது. ஆனால் அது நிற்பதில்லை.

பயணத்தின் முடிவிடம் மைன்ஸ். அங்கேதான் ஏறத்தாழ 1455-இல் கூட்டன்பர்க் இலத்தீன் விவிலியத்தை அச்சிட்டு முடித்தார். அவர் தொடங்கிய கலை கடல் கடந்து வந்து, 1578-இல் கொல்லத்தில் சேசு சபையின் என்றீக்கஸ் அடிகளார் வழியாகத் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலாக மலர்ந்தது. நம் முன்னோரின் கையில் மறைக்கல்வியைக் கொடுத்த கலை அது. ஆனால் 1475-இல் திரெந்து நகரில் யூதர்மீது எழுந்த அதே பழியையும் அச்சுப்பொறி ஊர்தோறும் கொண்டுசென்றது. பொறிக்கு நன்மை தீமை தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் மனிதனே.

அன்பார்ந்த குடும்பங்களே, இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி என்னும் அச்சுக்கூடம் இருக்கிறது. பிள்ளை பிடிப்பவர் என்றும், வேற்றூரார் என்றும், பிற மதத்தார் என்றும் ஏதேனும் ஒரு செய்தி வந்தவுடன், உண்மைதானா என்று கேளாமலே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். 'நமக்கு வந்ததைத்தானே அனுப்பினோம்' என்கிறோம். ஆற்றங்கரை மக்களும் கேட்டதைத்தான் சொன்னார்கள்! பொய்ச்சான்று சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டிற்கு மட்டும் உரியதன்று. அண்டை வீட்டுத் திண்ணைக்கும் உரியது.

இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும், பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கொலோன் கோபுரத்தைப்பற்றிச் சொல்லட்டும். பாக்கராக்கின் கூரையற்ற சிற்றாலயத்தைப்பற்றியும் மறைக்காமல் சொல்லட்டும். பின்னர், அன்று நாம் கேட்டதையும் பிறருக்குச் சொன்னதையும் ஒருகணம் நினைத்துப் பார்த்து, ஆன்ம சோதனை செய்துகொள்வோமாக.