புகாரைக் கேட்கவும் ஒரு படிப்பு!

கல்லூரி மாணவி ஒருத்தி பிரின்ஸிபாலின் அறைக்குள் தயங்கித் தயங்கி நுழைகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். "ஸார், எங்கள் பேராசிரியர் என்னிடம் முறைகேடாக நடந்து கொண்டார்" என்கிறாள். பிரின்ஸிபால் நல்ல மனிதர். "விஷயம் வெளியே போனால் உனக்குத்தானம்மா கஷ்டம். நான் அவரைக் கண்டித்து வைக்கிறேன். நீ போய்ப் படி" என்று ஆறுதல் சொல்லி அனுப்பி விடுகிறார்.

தகப்பனார் ஸ்தானத்திலிருந்து வந்த பேச்சுதான். ஆனால் அப்படி அமுக்கிவிட அவருக்கு உரிமை கிடையாது! 2013-ம் வருஷத்துச் சட்டப்படி, விசாரிக்க வேண்டியது கல்லூரியின் புகார்க் கமிட்டி. சமரசம் என்ற பேச்சை எடுப்பதானால் அந்தப் பெண்தான் எடுக்க வேண்டும்.

கமிட்டிக்குத் தலைவி ஒரு மூத்த பெண்மணி. அங்கத்தினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியார் ஒருவரும் உண்டு. துணைவேந்தர், ரிஜிஸ்ட்ரார், துறைத் தலைவர் போன்றவர்கள் அதில் உட்காரக் கூடாது என்று 2015-ல் யூ.ஜி.ஸி. விதி செய்தது. பெரிய நாற்காலிக்காரர் எதிரே இருந்தால் மற்றவர்களுக்கு வாய் திறக்குமா?

சரி, ரசாயனம் போதிக்கிற அம்மாள் விசாரணை நடத்த எங்கே கற்றுக் கொண்டாள்? சங்கடமே அங்கேதான்.

கோவா சர்வகலாசாலையில் 2009-ல் மாணவிகள் ஒரு துறைத் தலைவர் மீது புகார் கொடுத்தார்கள். கமிட்டி விசாரித்தது, அவருக்கு வேலை போயிற்று. நியாயம் கிடைத்தது என்றுதானே நினைப்பீர்கள்? 2023 மே மாதம் ஸுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்து, விசாரணையைப் பாதியிலிருந்து மறுபடி நடத்தச் சொல்லிவிட்டது! அவர் குற்றமற்றவர் என்று கோர்ட் சொல்லவில்லை. கமிட்டி அவசரப்பட்டு, அவர் தம் கட்சியைச் சொல்லப் போதிய அவகாசம் தரவில்லை என்றுதான் சொல்லிற்று. 14 வருஷம் கழித்து அந்தப் பெண்கள் பழையபடி சாட்சி சொல்ல வேண்டுமென்றால், யாருக்கு மனசு வரும்? கமிட்டி அங்கத்தினர்களுக்கு ஒழுங்காகப் பயிற்சி தர வேண்டும் என்று அதே தீர்ப்பு உத்தரவிட்டது.

பயிற்சியில் என்ன சொல்லித் தருவார்கள்? எழுதத் தடுமாறுகிற பெண்ணுக்கு எழுதிக் கொடுக்க உதவுவது. புகாரின் நகலை எதிர்க்கட்சிக்கு அனுப்புவது. இரு தரப்பையும் கேட்டு 90 நாளில் முடிப்பது. பெயர்களை வெளியே விடாமலிருப்பது. இன்னொன்றும் உண்டு. நிரூபிக்க முடியாமற் போனதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது. அனுபவஸ்தர்கள்கூட இதில் சறுக்குவார்கள்.

கமிட்டியின் விவரத்தைக் கல்லூரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். மகளைச் சேர்க்கப் போகும்போது ஹாஸ்டல் கட்டணத்தை விசாரிக்கிறோமல்லவா? அப்படியே அந்தப் பலகையையும் பாருங்கள். பெயர்கள் இருந்தால், அவர்களுக்குக் கடைசியாக எப்போது பயிற்சி நடந்தது என்று ஆபீஸில் கேளுங்கள்.