நாடு திரும்பிய பரிமாற்ற ஆசிரியரும் முன்னாள் பங்கேற்பாளர் சங்கங்களும்: ஜப்பானின் ஜெட் திட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாட்டுப் பள்ளிகளில் சில ஆண்டுகள் பணியாற்றித் தாயகம் திரும்பும் பரிமாற்ற ஆசிரியர்கள் அப்பணியோடு தொடர்பு அறாதிருக்க முன்னாள் பங்கேற்பாளர் சங்கங்கள் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஜப்பானின் ஜெட் திட்டம் சான்றாகக் கொள்ளப்படுகிறது. சங்கக் கிளைகள் ஆசிரியர் திரும்பிச் சென்ற ஊரைக் கொண்டு அமைந்தவை. அவர் கற்பித்த ஊரைக் கொண்டு அமைந்தவையல்ல. இதனால் நேரும் இடைவெளியே கட்டுரையின் மையப்பொருள்.

திறவுச்சொற்கள்: பரிமாற்ற ஆசிரியர், ஜெட் திட்டம், முன்னாள் பங்கேற்பாளர் சங்கம், கல்வி வாரியம், பண்பாட்டு உறவு

முன்னுரை

ஜப்பான் அரசு 1987ஆம் ஆண்டு ஜெட் திட்டத்தைத் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து 848 பேர் பங்கேற்றனர். இதுவரை பங்கேற்றோர் தொகை 70,000ஐக் கடந்துவிட்டது. இவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் துணை மொழியாசிரியர்கள். ஜப்பானிய ஆசிரியருடன் ஒரே வகுப்பறையில் நின்று, பெரும்பாலும் ஆங்கிலம் கற்பிப்பவர்கள். ஒப்பந்தம் ஓராண்டுக்குரியது. புதுப்பிக்கப்பட்டால் 5 ஆண்டுகள் வரை நீளும், அதற்குமேல் நீளாது. ஆகவே திரும்பிச் செல்லுதல் என்பது இத்திட்டத்தின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. திரும்பியவர்களை ஒன்றுகூட்டும் முயற்சியும் விரைவிலேயே தோன்றியது. 1989இல் ஜெட் முன்னாள் பங்கேற்பாளர் சங்கம் உருவாயிற்று. இன்று அதற்குப் பல நாடுகளில் ஏறத்தாழ 50 கிளைகள் உள்ளன.

கிளைகள் செய்யும் பணிகள்

புதிதாகச் செல்லவிருப்போரை ஆயத்தப்படுத்துவதே கிளைகளின் முதன்மையான பணி எனலாம். புறப்பாட்டுக்கு முந்தைய அறிமுக வகுப்புகளில் முன்னாள் ஆசிரியர்களே பேசுகின்றனர். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது எப்படி, முதல் வகுப்பில் மாணவர் வாய்திறவாதிருந்தால் செய்வதென்ன, ஆசிரியர் அறையில் யாரை முதலில் வணங்குவது என்பன போன்ற, கையேடுகள் முழுமையாகச் சொல்லாத செய்திகள் அங்குக் கைமாறுகின்றன. இரண்டாவது, தேர்வுப் பணி. தூதரகங்களும் துணைத் தூதரகங்களும் நடத்தும் நேர்காணல்களில் முன்னாள் பங்கேற்பாளர் ஒருவரும் அமர்வது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. வகுப்பறையில் நின்று பழகியவர் கேட்கும் கேள்வி அலுவலர் கேட்கும் கேள்வியிலிருந்து வேறுபட்டே இருக்கும். இவையன்றி, திரும்பியோருக்கு வேலைவாய்ப்பு வழிகாட்டல், மொழிப்பயிற்சி, பண்பாட்டு விழாக்கள் ஆகியனவும் நடைபெறுகின்றன.

இப்பணிகள் பயனுடையன என்பதில் ஐயமில்லை. எனினும் ஒன்று கருதத்தக்கது. இவற்றுள் பெரும்பாலானவை, அடுத்து வருவோருக்கோ திரும்பி வந்தவருக்கோ தூதரகத்துக்கோ பயன்படுவன. ஆசிரியர் விட்டுவந்த பள்ளிக்கு இவற்றால் நேரடிப் பயன் சிறிதே.

கற்பித்த ஊரின் இடம்

இதற்குக் காரணம் கிளைகளின் அமைப்பு. நியூயார்க், லண்டன், சிட்னி என ஒருவர் வாழும் நகரமே அவருடைய கிளையைத் தீர்மானிக்கிறது. இவாத்தே மாநிலத்து மலையூர் ஒன்றில் கற்பித்தவரும் ஒக்கினாவாத் தீவில் கற்பித்தவரும் ஒரே கிளையில் அமர்கின்றனர். அதே மலையூரில் அவருக்கு முன்னும் பின்னும் கற்பித்த இருவரோ வேறு வேறு நாடுகளில் இருப்பர். ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய தேவை எழுவதில்லை.

ஜப்பானியப் பள்ளி நடைமுறையும் இவ்விடைவெளியை அகலப்படுத்துகிறது. அங்கு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றப்படுவர். ஏப்ரல் மாதத்தில் ஆசிரியர் அறையின் முகங்கள் மாறுகின்றன. மாணவரோ மூன்றாண்டில் நடுநிலைப்பள்ளியை முடித்துச் சென்றுவிடுவர். ஆகவே, ஆசிரியர் நாடு திரும்பிச் சில ஆண்டுகளில் அவரை நேரில் அறிந்தவர் ஒருவரேனும் அப்பள்ளியில் இருப்பது அரிதாகிவிடும். அவர் எழுதும் கடிதத்தைப் பிரிப்பவருக்கு அவர் பெயரே புதிது. தனிமனித அன்பு குறைந்ததால் உறவு அறுவதாகப் பலர் கருதுவதுண்டு. என் கருத்தில், இங்குப் பிழை அன்பினதன்று. உறவைப் பற்றிக்கொள்ள மறுமுனையில் நிலையான கை இல்லாமையே காரணம்.

அந்நிலையான கையாக இருக்கத்தக்கது பள்ளியன்று. ஆசிரியரைப் பணியமர்த்தும் கல்வி வாரியமோ, அவ்வூராட்சியோ ஆகும். அவ்வூருக்கும் ஆசிரியரின் தாயக நகருக்கும் இடையே சகோதர நகர உறவு இருப்பின், அதன் குழுவில் முன்னாள் ஆசிரியர் இடம்பெறுவது மிகவும் உறுதியான வழி. மாணவர் குழுக்கள் ஆண்டுதோறும் வந்துபோகும்போது மொழியும் ஊரும் அறிந்த ஒருவர் இடையில் நிற்பது இரு தரப்புக்கும் வேண்டப்படுவது.

2011 தரும் சான்று

2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, கற்பித்த ஊர் என்னும் உறவு திடீரென உயிர்பெற்றது. இஷினோமாகி, ரிக்குசென்தகாத்தா ஆகிய ஊர்களில் பணியிலிருந்த அமெரிக்கத் துணை மொழியாசிரியர் இருவர் உயிரிழந்தனர். முன்னாள் பங்கேற்பாளர் கிளைகள் நிதி திரட்டின. பாதிக்கப்பட்ட பகுதிகளின் கல்விப் பணிகளுக்கு அதனை அளித்தன. உயிரிழந்த ஆசிரியர்களுள் ஒருவரின் குடும்பத்தார் அவ்வூர்ப் பள்ளிகளுக்கு நூலடுக்குகளும் ஆங்கில நூல்களும் வழங்கினர். இருவர் நினைவாகவும் ஜப்பானிய மொழி பயிலும் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவரை ஜப்பானுக்கு அழைக்கும் திட்டமொன்று ஏற்படுத்தப்பட்டது. பேரிடர் வந்த பின்னரே இத்தனை உறவுகளும் பள்ளியைத் தேடிச் சென்றன என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

ஓர் ஒப்பீடு

ஜெட் திட்டத்தில் சேர இளநிலைப் பட்டம் போதும். ஆசிரியர் பயிற்சி கட்டாயமன்று. எனவே திரும்பியோருள் பலர் சட்டம், வணிகம், அரசுப்பணி எனப் பிரிந்துவிடுகின்றனர். ஃபுல்பிரைட் அமைப்பின்கீழ் அமெரிக்கா சென்று வரும் பிறநாட்டு இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் இவ்வகையில் வேறுபட்டவர்கள். அவர்கள் முன்னரே ஆசிரியர்கள். திரும்பியதும் தம் வகுப்பறைக்கே செல்கின்றனர். கற்றதைச் சக ஆசிரியருக்குப் பயிற்சியாக வழங்குவது அவர்களுக்கு எளிது. அமெரிக்க வெளியுறவுத் துறை 2011 முதல் அளித்துவரும் முன்னாள் பங்கேற்பாளர் புத்தாக்க நிதிக்குத் தனியொருவராக விண்ணப்பிக்க இயலாது. முன்னாள் பங்கேற்பாளர் குழுவாகச் சேரவேண்டும். இவ்விதி சிறிதெனினும் கூர்மையானது. தனித்தனியே திரும்பியவர்களை ஒருவரையொருவர் தேடும்படி அது செய்கிறது.

இதே விதியை ஊர் அடிப்படையில் திருப்பிப் பார்க்கலாம். ஒரே கல்வி வாரியத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் பணியாற்றிய இருவர் சேர்ந்தே கோரவேண்டும் என வகுத்து, சிறு நிதியொன்றைக் கிளைகள் அளிக்குமாயின், வேறு வேறு கண்டங்களில் வாழும் முன்னவரும் பின்னவரும் முதன்முறையாகப் பேச நேரும். அதற்கு முன்தேவை ஒன்றே: எவர் எந்த ஆண்டு எந்தப் பள்ளியில் கற்பித்தார் என்னும் பட்டியலைக் கல்வி வாரியம் தன் அலுவலகத்தில் பேணுதல். பணியை விட்டுச் செல்பவர் தமக்குப் பின் வருபவருக்கு எழுதிவைக்கும் ஒப்படைப்புக் குறிப்பு பல இடங்களில் முன்பிருந்தே வழக்கில் உள்ளது. அதன் இறுதியில் தம் முகவரியையும், தமக்கு முன்னிருந்தவரின் முகவரியையும் அவர் சேர்த்து எழுதினால், அப்பட்டியல் தானே தொடங்கிவிடும்.