மூங்கிற் சைக்கிள்

மூங்கிலால் ஏணி செய்யலாம், கூடை முடையலாம், பந்தல் போடலாம். சைக்கிள் செய்யலாமென்றால் நகைப்பவர்களே பலர். இந்த நகைப்புக்கு ஆதாரமில்லை. 1894-ம் வருஷத்திலேயே லண்டனில் நடந்த சைக்கிள் கண்காட்சியில் மூங்கிற் சைக்கிள்கள் வைக்கப்பட்டிருந்தன. எஃகுக் குழாயின் ஆதிக்கத்தில் அவை மறைந்தன. 1990-களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த க்ரெய்க் கால்ஃபீ என்ற சைக்கிள் நிபுணர் அவற்றுக்குப் புத்துயிர் அளித்தார்.

இதில் மூங்கிலால் ஆவது பிரேம் எனப்படும் உடற்கூடு மாத்திரமே. சக்கரம், சங்கிலி, பிரேக் முதலியவை வழக்கம்போல் தொழிற்சாலையிலிருந்தே வரவேண்டும். ஆயினும் ஏறுபவனுடைய பாரத்தைத் தாங்குவது பிரேமேயாகும். மூங்கில் அதற்குத் தகுதியுடையதா? உடையதே. அதன் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. உள்ளே கூடாயிருப்பதால் கனம் குறைவு. கணுக்கள் நடுவே தடுப்புச் சுவர்களாக நின்று, குழாய் நசுங்காமற் காக்கின்றன. பாதையின் அதிர்ச்சியையும் அது ஓரளவு தானே வாங்கிக்கொள்ளும். குறைகளும் உண்டு: நீளவாக்கில் பிளக்கும்; வண்டு துளைக்கும்; ஈரம் ஏறினால் கெடும். ஆகவே முற்றிய மூங்கிலைத் தேர்ந்து, உலர்த்திப் பதப்படுத்தி, வார்னிஷ் பூச வேண்டும்.

எஃகைப்போல் மூங்கிலைப் பற்றவைக்க இயலாது. குழாய்கள் கூடுமிடத்தில் சணல் நாரையோ கார்பன் இழையையோ எபாக்ஸி என்னும் பசையில் தோய்த்து இறுகச் சுற்றி, உறைந்தபின் தேய்த்து மெருகிடுகிறார்கள். ஒரு மூங்கிலைப்போல் இன்னொன்று இராது. ஒவ்வொன்றையும் கண்ணாலும் கையாலும் சோதித்தே பொறுக்க வேண்டும். இயந்திரத்திற்கு இடையூறான இக்குணமே தொழிலாளிக்கு லாபமாகிறது. இதற்கு உலை வேண்டாம், பெரிய முதல் வேண்டாம். தேர்ந்த கைகளே வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா தேசத்தார் இதனை அறிந்துகொண்டார்கள். 2009-ல் அங்கே தொடங்கிய மூங்கிற் சைக்கிள் இயக்கம், பெர்னிஸ் டாப்பா என்ற பெண்மணியின் தலைமையில், பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இத்தொழிலைப் பயிற்றி, வெளிநாடுகளுக்கும் சைக்கிள்களை அனுப்பியது.

நம் தேசத்தில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. குறுக்கே நின்றது சட்டம். தாவர நூலார் புல் என்று சொல்லும் மூங்கிலை, 1927-ம் வருஷத்து இந்திய வனச் சட்டம் மரமென்று வகுத்தது. இதன் பயனாக, தன் நிலத்தில் வளர்த்ததை வெட்டிக் கொண்டுபோவதற்கும் குடியானவன் பல இடங்களில் அனுமதிச் சீட்டுக்கு அலைய நேர்ந்தது. 2017-ல் செய்யப்பட்ட திருத்தம், காட்டுக்குப் புறம்பான நிலத்து மூங்கிலை இத்தளையினின்று விடுவித்தது.

தளை நீங்கினால் மட்டும் தொழில் வளர்ந்துவிடாது. ஓடும் வண்டியில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் ஏறியவனுடைய எலும்பு முறியும். கைத்தொழில் என்ற அனுதாபத்தால் யாரும் தம் உயிரை அதன்மேல் ஏற்றமாட்டார்கள், ஏற்ற வேண்டியதுமில்லை. சைக்கிளின் உறுதியைச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் சர்வதேச விதிமுறை இருக்கிறது. பிரேமைத் திரும்பத் திரும்ப அழுத்தியும் மோதியும் பார்க்கும் சோதனைகள் அதில் உண்டு. பெரிய கம்பெனிகள் தம் செலவில் இவற்றைச் செய்துகொள்ளும். கிராமத்துத் தொழிலாளிக்கு அது எளிதில் எட்டுமா?

ஆகையால், மூங்கில் விளையும் பிரதேசங்களில், குறைந்த கட்டணத்தில் பிரேமைச் சோதித்து முத்திரையிட்டுத் தரும் சாலைகளைச் சர்க்கார் நிறுவ வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். மூங்கிலுக்காகப் பாராட்டுரையோ பொருட்காட்சிப் பரிசோ நாம் கேட்கவில்லை. எஃகுக்கு வைக்கும் அதே பரீட்சையை அதற்கும் வைக்கட்டும். தேறினால் ஜனங்கள் தாமே வாங்குவார்கள்.