மாடி வீட்டுக்கு எந்த நாய்?

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து சென்னைக்கும் மும்பைக்கும் கடை வைக்கப் போன குடும்பங்கள் பல. ஊரில் பனை நிழலிலும் தேரிக் காற்றிலும் நாய் வளர்த்துப் பழகியவர்கள் அவர்கள். நகரத்திலோ இரண்டு அறை கொண்ட மாடி வீடு. “இடம் சிறியது, ஆகவே நாயும் சிறியதாக இருக்கட்டும்” என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மாணவ நண்பர்களே, இந்த ‘ஆகவே’ சரிதானா என்று பௌதிகத்தின் துணைகொண்டு பார்ப்போம்.

நாயின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். 8 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருக்கும்போதே நொடிக்குச் சுமார் 16 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதாவது 16 வாட். முன்பு வீடுகளில் இரவு விளக்காக எரிந்த ‘ஜீரோ வாட்’ பல்பு இழுத்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். (பெயரில் மட்டுமே ஜீரோ!)

இந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். அறை 28 டிகிரி என்றால் பெரும்பகுதி தோல் வழியே தானாகப் போய்விடும். இங்கே சிறிய உருவத்துக்கு ஒரு சலுகை உண்டு. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் கன அளவு 1, பரப்பு 6. பக்கம் 2 செ.மீ. ஆனால் கன அளவு 8, பரப்பு 24. சிறியதில் ஒரு கன செ.மீ.க்கு 6 சதுர செ.மீ. பரப்பு; பெரியதில் 3தான். ஆகவே சிறிய நாய் விரைவில் குளிர்ந்துவிடும். ஆனால் மே மாதப் பகலில் அறையின் வெப்பநிலை 38 டிகிரியை நெருங்கினால் இந்தச் சலுகை மறைந்துவிடும். 40ஐத் தொட்டால் அதே தோல் வழியே வெப்பம் உள்ளே வரத் தொடங்கும்.

அப்போது கைகொடுப்பது ஆவியாதல் ஒன்றே. நமக்கு உடலெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே. அதனால்தான் அது நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. அதன் மூக்கினுள்ளே மெல்லிய எலும்புத் தகடுகள் ஓலைச் சுருள்போல் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின்மேல் ஈரச் சவ்வு போர்த்தியிருக்கும். உள்ளே வரும் காற்று அந்த ஈரத்தை ஆவியாக்கி எடுத்துக்கொண்டு வாய் வழியே வெளியேறுகிறது. 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2400 ஜூல் வேண்டும். 16ஐ 3600ஆல் பெருக்கி 2400ஆல் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 24 கிராம் நீர். மாடிப்படி ஏறி விளையாடினால் இது பல மடங்காகும்.

ஆக, நாய்க்கு மூக்குதான் குளிர்சாதனப் பெட்டி. 2003இல் ஹட்ச் கைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயைப் பார்த்து, நாடெங்கும் பக் வாங்கினார்கள். அதன் முகம் தட்டை. அந்தச் சுருள்களுக்கு அங்கே இடமே இல்லை. குறுகிய குழாய் வழியே காற்றை இழுக்கத் தசைகள் கூடுதலாக உழைக்க, அந்த உழைப்பே மேலும் வெப்பம் தருகிறது. அது குறட்டை விடுவதை அழகு என்று சொல்கிறோம். உண்மையில் அது மூச்சடைப்பு. நெதர்லாந்தில் மிகக் குட்டை மூக்கு நாய்களை இனப்பெருக்கம் செய்யவே தடை உள்ளது.

இனி இடத்தைப் பாருங்கள். சாத்தான்குளத்து ஆடிக் காற்று உலர்ந்தது; ஈரம் சட்டென்று ஆவியாகும். சென்னை, மும்பைக் கடற்காற்றிலோ முன்பே நீராவி நிறைந்திருக்கிறது. ஊரில் சமாளித்த நாய் அங்கே திணறலாம். மின்விசிறியும் அதிகம் உதவாது, ஏனெனில் நாயின் தோலில் வியர்வை இல்லை. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அப்போது வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரண நீரை ஊற்றி விசிறிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

பொமரேனியன் என்று நம் ஊரில் விற்கப்படும் வெள்ளை நாய்க்கு மூக்கு பரவாயில்லை. ஆனால் இரட்டை அடுக்கு ரோமம் காற்றைச் சிறைப்பிடித்துக் கம்பளி போலாகிவிடுகிறது. டாஷ்ஹண்டுக்கு மூக்கும் நீளம், ரோமமும் குட்டை. முதுகும் நீளமாக இருப்பதுதான் தொல்லை: படிகளில் தாவித் தாவி முதுகெலும்பு வட்டுகள் பிதுங்கலாம். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அது வேண்டாம். நம் சிப்பிப்பாறை வெயிலுக்கென்றே வார்த்ததுபோல் மெலிந்த உடலுடையது. ஆனால் முயலைத் துரத்த வளர்த்த இனம். ஓட மைதானம் இல்லையென்றால் அதைக் கொண்டுபோவது கொடுமை.

என்னைக் கேட்டால், 4 கிலோ எடையுள்ள மினியேச்சர் பின்ஷரைச் சொல்வேன். அதற்கும் முன்னால், தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியைச் சொல்வேன். அது கொஞ்சம் பெரிதாக வளரும். காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போக ஆள் வேண்டும். ஆனால் நீள மூக்கு, குட்டை ரோமம் இரண்டும் அதற்கு விலையின்றிக் கிடைத்தவை.

எந்தக் குட்டியானாலும் தாய் நாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு நூலால், இரு கண்களுக்கும் நடுவிலிருந்து மூக்கு நுனி வரையும், அதே இடத்திலிருந்து பின்மண்டை வரையும் அளந்து பாருங்கள். நாட்டு நாயில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். முதல் அளவு இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையென்றால் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தாய் தூங்கும்போது மூச்சையும் எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 30க்குள், சத்தமில்லாமல் இருக்க வேண்டும்.